திருப்பதி லட்டும் மாட்டுக் கொழுப்பும்: அந்த ஆய்வக அறிக்கை உண்மையில் என்ன சொன்னது?

2024 செப்டம்பரில் உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கும் அந்த அறிக்கை கண்டிப்பாக வந்திருக்கும். குஜராத்தின் ஆனந்தில் உள்ள தேசிய பால்வள வாரியத்தின் 'காஃப்' ஆய்வகம் கொடுத்தது. ஜூலை மாதம் திருமலைக்கு வந்த நெய்யைச் சோதித்த முடிவு. செப்டம்பர் 18 அன்று ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, முந்தைய ஆட்சியில் லட்டுக்கு விலங்குக் கொழுப்பு சேர்ந்தது என்று பேசினார். மறுநாள் அவரது தெலுங்கு தேசம் கட்சி இந்த அறிக்கையை வெளியிட்டது. மீன் எண்ணெய், பீஃப் டாலோ, பன்றிக் கொழுப்பு என்ற மூன்று பெயர்களும் அதில் இருந்தன. அவை அறிக்கையில் எப்படி வந்தன என்று கேட்டவர்கள் குறைவு. அதைப் புரிந்துகொள்ள, முதலில் டாலோ என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

டாலோ எப்படித் தயாராகிறது?

இதை வீட்டிலேயே செய்யலாம். கறிக்கடையில் மாட்டின் குண்டிக்காயைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பைக் கேட்டு வாங்குவார்கள். சவ்வு, ரத்தம், ஒட்டியிருக்கும் கறித் துணுக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பொடியாக நறுக்கி, அடி கனமான பாத்திரத்தில் மிகக் குறைந்த தீயில் வைக்க வேண்டும். அடி பிடிக்காமலிருக்க ஆரம்பத்தில் கொஞ்சம் தண்ணீர் சேர்ப்பதுண்டு. கொழுப்பு உருகி வெளியே வரும், தண்ணீர் ஆவியாகும், திசுக்கள் சுருங்கி மொறுமொறுப்பான சக்கையாக மேலே மிதக்கும். சலசலப்பு அடங்கியதும் துணியில் வடிகட்டினால், ஆறியபின் மெழுகு மாதிரி வெள்ளையாக உறையும். அதுதான் டாலோ. தீ அதிகமானால் நிறம் பழுப்பாகும், வாடை ஏறும். தண்ணீர் தங்கிவிட்டால் சீக்கிரம் கெட்டுவிடும்.

படிக்கும்போதே உங்களுக்கு அம்மா வெண்ணெய் காய்ச்சுவது ஞாபகம் வந்திருக்கும். வேலை ஒன்றேதான்: தண்ணீரையும் புரதத்தையும் விரட்டிவிட்டு கொழுப்பை மட்டும் எடுப்பது. ஒன்றில் சக்கை, இன்னொன்றில் கசண்டு.

(சட்டம் பற்றி ஒரு வரி. ஆந்திராவில் 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி பசுவையும் கன்றையும் வெட்டத் தடை உண்டு. எருது, எருமைக்கு அதிகாரியின் சான்று வேண்டும்.)

பக்குவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கொழுப்பு வேறு. பால் கொழுப்பில் பியூட்ரிக் போன்ற குட்டையான கொழுப்பு அமிலங்கள் உண்டு. நெய்யின் மணத்தில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. டாலோவில் அவை கிட்டத்தட்ட கிடையாது. நீளமான ஓலிக், பால்மிட்டிக், ஸ்டியரிக் அமிலங்கள்தான். அதனால்தான் 40 டிகிரி தாண்டினால்தான் டாலோ சரியாக உருகும். பாமாயிலிலும் பால்மிட்டிக், ஓலிக் அமிலங்கள்தான் அதிகம். சிக்கலே இங்கேதான்.

ஆய்வகம் எதை அளந்தது?

நெய்யில் 'மாட்டுக் கொழுப்பு இருக்கிறதா' என்று நேராகக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல அது. கேஸ் குரோமட்டோகிராஃபி கருவி, நெய்யில் உள்ள ட்ரைகிளிசரைடுகளை அளவு வாரியாகப் பிரிக்கும். அந்த விகிதங்களை ஐந்து சமன்பாடுகளில் போட்டு 'எஸ் மதிப்பு' கணக்கிடுவார்கள். சுத்தமான பால் கொழுப்பு என்றால் விடை 100-ஐ ஒட்டி வரும். மொத்த மதிப்புக்கான எல்லை 95.68 முதல் 104.32 வரை. திருமலை மாதிரிகளில் மதிப்பு 20-ஐ ஒட்டி இருந்ததாகத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் செயல் அலுவலரே செய்தியாளர்களிடம் சொன்னார். ஆக, அது நெய்யாக இருக்க வாய்ப்பில்லை. இந்த இடத்தில் அறிக்கை தெளிவாகவே பேசுகிறது.

ஆனால் மற்ற சமன்பாடுகளுக்கு எதிரே எழுதியிருக்கும் பெயர்களைப் பாருங்கள். ஒரு வரியில் சோயா, சூரியகாந்தி, ஆலிவ், பருத்தி விதை என்று நீண்டு கடைசியில் மீன் எண்ணெய். இன்னொரு வரியில் தேங்காய் எண்ணெயும் பாம் கெர்னலும். அடுத்த வரியில் பாமாயில், பீஃப் டாலோ இரண்டும் சேர்ந்தே. அதற்கடுத்து பன்றிக் கொழுப்பு. இவை சர்வதேசத் தர முறையிலேயே அச்சாகியிருக்கும் தலைப்புகள். எந்த ஊர் நெய்யைச் சோதித்தாலும் இதே பட்டியல்தான் வரும். மதிப்பு எல்லையைத் தாண்டினால், அந்த வரியில் உள்ள ஏதோ ஒன்று கலந்திருக்கலாம் என்று பொருள். பாமாயிலா டாலோவா என்று அந்தச் சமன்பாடு பிரித்துச் சொல்லாது. பட்டினி கிடந்த மாடு, எண்ணெய்த் தீவனம் அதிகம் தின்ற மாடு இவற்றின் பாலிலும் தவறான முடிவு வரலாம் என்று அறிக்கையின் இணைப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை.

பிரித்துச் சொல்ல வேறு சோதனை உண்டு. தாவர எண்ணெயில் பீட்டா சிட்டோஸ்டெரால் இருக்கும், நெய்யில் இருக்காது. அது அகப்பட்டால் பாமாயில் போன்ற ஏதோ ஒன்று மாட்டிக்கொள்ளும். டாலோவில் நெய்யைப் போலவே கொலஸ்டெரால்தான், அதனால் இந்த வலையில் சிக்காது. விலங்குக் கொழுப்பை நிரூபிப்பது கடினம் என்பதற்கும், 'இருக்கலாம்' என்று சொல்லிவிடுவது சுலபம் என்பதற்கும் இதுவே காரணம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போமா?

அந்த நெய்யின் ஒப்பந்த விலை கிலோ சுமார் 320 ரூபாய். 4 சதவீதக் கொழுப்புள்ள பசும்பாலில் ஒரு கிலோ நெய் எடுக்க ஏறக்குறைய 25 லிட்டர் வேண்டும். 320-ஐ 25-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 13 ரூபாய்கூட இல்லை. மீதியைக் கொழுப்பு எடுத்த பாலையும் பவுடரையும் விற்றுத்தான் எடுக்க வேண்டும். வீடு வீடாகக் கறவை மாடு கட்டியிருக்கும் சித்தூர் மாவட்டத்தில் ஒரு பால்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். பிறகு தேவஸ்தானம் கர்நாடகாவின் நந்தினியிடம் சுமார் 475 ரூபாய்க்கு வாங்கத் தொடங்கியது. தினமும் சுமார் 3 லட்சம் லட்டு பிடிக்கும் இடத்தில், கலப்படத்தைக் கண்டுபிடிக்கச் சொந்தமாக ஆய்வகம் இருக்கவில்லை என்பதையும் அதே செயல் அலுவலர்தான் சொன்னார். எனக்கு டாலோவைவிட இதுதான் பெரிய செய்தியாகத் தெரிந்தது.

சப்ளை செய்த திண்டுக்கல் நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 4-இல் சிபிஐ, ஆந்திர போலீஸ், உணவுப் பாதுகாப்பு ஆணைய அதிகாரிகள் அடங்கிய ஐந்து பேர் குழுவை அமைத்தது. 2025 பிப்ரவரியில் நான்கு பேர் கைதானார்கள். விசாரணைக் குழு முன்வைக்கும் கதையில் முன்னே நிற்பது பாமாயில்: உத்தராகண்ட் டெய்ரி ஒன்று 2019 முதல் 2024 வரை சுமார் 68 லட்சம் கிலோ போலி நெய்யை, பால் வாங்காமலேயே, பாமாயிலும் ரசாயனங்களும் சேர்த்துத் தயாரித்தது என்பது குற்றச்சாட்டு.

ரசாயனம் எதற்கு? நெய்க்கான பழைய சோதனைகளை ஏமாற்றத்தான். ஆவியாகும் அமிலங்களை அளக்கும் 'ஆர்எம்' எண்ணை அசிட்டிக் ஆசிட் எஸ்டர் சேர்த்து உயர்த்தலாம். ஒளிவிலகல் அளவைப் பாமாயில் மேலே தள்ளும், பாம் கெர்னல் கீழே இழுக்கும். இரண்டையும் அளவாகக் கலந்தால் எண் சரியாக வந்துவிடும்.

இந்தியாவுக்கு இந்தப் பயம் புதிதல்ல. 1983-இல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலந்ததாகப் பெரும் சர்ச்சை கிளம்பி, டாலோ இறக்குமதியே தடை செய்யப்பட்டது. அப்போதும் மலிவான கொழுப்பு, விலையுயர்ந்த டின்னுக்குள் போன கதைதான்.

உள்ளங்கையில் வைத்துப் பார், உருகினால் அசல் நெய் என்று ஒரு ரீல் சுற்றுகிறது. முழுக்க டாலோ என்றால் கையில் கெட்டியாகவே நிற்கும், உண்மைதான். பத்தில் ஒரு பங்கு மட்டும் கலந்தால் அதுவும் அழகாக உருகும். பாமாயில் கலந்ததும் உருகும்.