எல்லாச் சீட்டும் தெரிந்த ஐந்தாவது ஆள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பகல் ஷிஃப்ட் முடிந்து சென்னைக்குத் திரும்பும் மின்ரயிலில் நான்கு பேர் எதிரெதிராக உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு பையை மேசையாக்கிச் சீட்டு விளையாடுகிறார்கள் என்றால், ஐந்தாவதாக ஒருவர் நிச்சயம் இருப்பார். உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். நின்றுகொண்டிருப்பதாலேயே நான்கு பேர் கையும் அவருக்குத் தெரியும். மீஞ்சூர் வருவதற்குள் வாய் சும்மா இருக்காது. "அண்ணே, அந்த ஜாக்கியை அப்பவே இறக்கியிருக்கணும்." அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆடியவருக்கு வரும் எரிச்சலும் நியாயமானதுதான்: "உனக்கென்னப்பா, நாலு கையும் தெரியுது!"

இந்த ஐந்தாவது ஆளின் நிலையை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கணித அறிஞர்களும் கணினி வல்லுநர்களும் ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். பிரிட்ஜ் ஆட்டத்தில் அதற்கு டபுள் டம்மி என்று பெயர். நான்கு கையும் திறந்து கிடக்கின்றன, ஒளிவுமறைவு இல்லை, இனி யாரும் தவறே செய்யமாட்டார்கள் என்றால் முடிவு என்ன? கேள்வி எளிது. அதற்குப் பதில் காண்பதற்கு எழுதப்பட்ட கணினி நிரல்களோ அறிவின் இயல்பைப் பற்றியே ஒரு பாடத்தைக் கற்றுத் தந்திருக்கின்றன.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 52 சீட்டு, நான்கு பேர், ஆளுக்கு 13. வடக்கும் தெற்கும் ஒரு ஜோடி, கிழக்கும் மேற்கும் இன்னொரு ஜோடி. முதலில் ஏலம். எங்கள் ஜோடி இத்தனை பிடி எடுக்கும், இந்த இனம் துருப்பு, அல்லது துருப்பே வேண்டாம் என்று கேட்பார்கள். நால்வரும் ஒவ்வொரு சீட்டு இறக்கினால் ஒரு பிடி. முதலில் இறக்கிய சீட்டின் இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் துருப்பால் வெட்டலாம், அல்லது வேண்டாத சீட்டைக் கழிக்கலாம். ஏலம் எடுத்தவரின் ஜோடி தன் சீட்டுகளை மேசையில் விரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அவர்தான் டம்மி. ஆகவே ஏலம் எடுத்தவருக்கு 26 சீட்டு தெரியும், மற்ற 26 தெரியாது. அந்த இரண்டாவது 26-ஐயும் திருப்பிக் காட்டிவிட்டால் அதுதான் டபுள் டம்மி.

திறந்த சீட்டிலும் புதிர்

எல்லாம் தெரிந்துவிட்டால் பிறகு என்ன கஷ்டம் என்று தோன்றும். 1885-இல் லண்டனின் 'தி ஃபீல்ட்' பத்திரிகையில் டபிள்யூ. எச். விட்ஃபெல்ட் என்பவர் ஒரு புதிர் வெளியிட்டார். பிரிட்ஜுக்கு முன்னோடியான விஸ்ட் ஆட்டத்தின் காலம் அது. ஆளுக்கு ஆறே சீட்டு. எல்லாம் திறந்தபடி. எதிராளிகள் எப்படி ஆடினாலும் ஆறு பிடியும் எடுக்க வேண்டும். 24 சீட்டும் கண்ணெதிரே இருந்தும் தேர்ந்த ஆட்டக்காரர்களே திணறினார்கள். இன்றும் அது 'விட்ஃபெல்ட் ஆறு' என்ற பெயரில் நினைவுகூரப்படுகிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மூன்றே சீட்டு போதும். துருப்பு இல்லை. தெற்கின் கையில் இஸ்பேட் இரண்டு, ஆர்ட்டின் ராஜா, கிளாவர் ஆஸ். எதிரே வடக்கில் இஸ்பேட் ஆஸ், இஸ்பேட் ஜாக்கி, ஆர்ட்டின் மூன்று. மேற்கின் கையில் இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ராணி, ஆர்ட்டின் ஆஸ். கிழக்கிடம் உதவாத மூன்று டைமன் சீட்டு. தெற்கு முதலில் இறக்க வேண்டும். எத்தனை பிடி?

கையை எண்ணினால் இரண்டுதான்: கிளாவர் ஆஸ், இஸ்பேட் ஆஸ். ஆர்ட்டின் ராஜாவை மேற்கின் ஆஸ் விழுங்கிவிடும். வடக்கின் ஜாக்கிக்கு மேலே ராஜாவும் ராணியும் காவல். ஆனால் தெற்கு கிளாவர் ஆஸை இறக்கட்டும். மேற்கிடம் கிளாவர் இல்லை, எதையாவது கழித்தாக வேண்டும். ஆர்ட்டின் ஆஸைக் கழித்தால் தெற்கின் ராஜா பெரிய சீட்டாகிவிடும். இஸ்பேட் ராணியைக் கழித்தால், வடக்கு ஆர்ட்டின் மூன்றைக் கழித்துவிடும். பிறகு இஸ்பேட் ஆஸ் ராஜாவைச் சாய்க்க, ஜாக்கி எஞ்சி நிற்கும். எப்படியும் மூன்று பிடி. மேற்கு ஒரு தவறும் செய்யவில்லை. போடுவதற்கு நல்ல சீட்டு இல்லை, அவ்வளவுதான். பிரிட்ஜ்காரர்கள் ஸ்குவீஸ் என்று சொல்லும் நெருக்கல் இது.

மூன்று சீட்டில் இவ்வளவு நுணுக்கம் என்றால் பதின்மூன்றில்? நான்கு பேருக்கும் 52 சீட்டைப் பங்கிடும் வழிகள் 29 இலக்க எண்ணாக வரும். 53-க்குப் பின் 27 சுழியம் என்று தோராயமாகச் சொல்லலாம். உலகில் உள்ள 800 கோடிப் பேரும் நொடிக்கு ஒரு பங்கீடு வீதம் இடைவிடாமல் போட்டாலும் முடிக்க சுமார் 21,000 கோடி ஆண்டுகள் ஆகும். அண்டத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். ஒரே ஒரு பங்கீட்டை எடுத்துக்கொண்டாலும், முதலில் இறக்கிய இனத்தையே போட வேண்டும் என்ற விதியை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், சீட்டுகளை இறக்கும் வரிசைகள் 15-க்குப் பின் 38 சுழியம். விதி அதைப் பெருமளவு குறைக்கிறது. குறைத்த பிறகும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க எந்தக் கணினியாலும் ஆகாது.

பார்க்காமல் விடும் கலை

இந்தப் புதிரைக் கணினியால் தீர்க்க முதலில் இறங்கியவர்களில் ஒருவர் எல்வின் பெர்லகாம்ப். பிழை திருத்தும் குறியீடுகளின் கணிதத்தில் பின்னாளில் பெரும்புகழ் பெற்றவர். 1963-இலேயே டபுள் டம்மி புதிர்களைத் தீர்க்கும் நிரலைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை நடந்த முன்னேற்றத்தை ஒரு வரியில் சொன்னால், எதையெல்லாம் பார்க்க வேண்டாம் என்று கண்டுபிடித்ததுதான்.

முதல் சிக்கனம், கேள்வியை ஆம்-இல்லை ஆக்குவது. எத்தனை பிடி என்று கேட்காமல், ஒன்பது பிடி கிடைக்குமா என்று மட்டும் கேட்க வேண்டும். நாம் இறக்கும் சீட்டுக்கு எதிராளியிடம் ஒரே ஒரு முறியடிப்பு இருந்தால் போதும், அந்தக் கிளையையே வெட்டிவிடலாம். மற்ற பதில்கள் எவ்வளவு மோசம் என்று பார்ப்பது வீண்.

இரண்டாவது, சமமான சீட்டுகளை ஒன்றாகப் பார்ப்பது. ஒரே கையில் ராஜாவும் ராணியும் இருந்தால் எதை இறக்கினாலும் ஒன்றுதான். எட்டு விழுந்துவிட்ட பிறகு ஒன்பதும் ஏழும்கூட அடுத்தடுத்த சீட்டுகளாகிவிடும்.

மூன்றாவது, நினைவு. முதலில் இஸ்பேட் ஆடிப் பிறகு டைமன் ஆடினாலும், மாற்றி ஆடினாலும், கடைசியில் கையில் மிஞ்சும் சீட்டுகள் ஒன்றாகவே இருக்கலாம். மீதி ஆட்டத்தின் மதிப்பும் ஒன்றேதான். ஒரு முறை கணக்கிட்டுக் குறித்துவைத்தால் மறுபடி உழைக்க வேண்டாம்.

1990-களில் அமெரிக்கக் கணினி அறிஞர் மேத்யூ கின்ஸ்பர்க் இதை இன்னொரு படி மேலே கொண்டுபோனார். ஒரு பிடியை ஆஸ் வென்றது என்றால், அதன் கீழே விழுந்தது மூன்றா, நான்கா, ஐந்தா என்பது முடிவைப் பாதிக்காது. ஆகவே ஒரே ஒரு நிலைக்குக் கண்ட விடையை, சின்னச் சீட்டுகள் மட்டும் மாறியிருக்கும் எண்ணற்ற நிலைகளுக்கும் சேர்த்தே எழுதிவைத்துவிடலாம். இந்த உத்தியால் உருவான அவருடைய 'ஜிப்' நிரல் 1998-இல் கணினிகளுக்கான உலக பிரிட்ஜ் பட்டத்தை வென்றது. இன்று போ ஹாக்லுண்ட் எழுதி, பின்னர் சோரன் ஹைன் சேர்ந்து மேம்படுத்திய டி.டி.எஸ். என்ற இலவச நிரல், முழுப் பங்கீடு ஒன்றைச் சாதாரணக் கணினியிலேயே ஒரு நொடிக்குள் தீர்த்துவிடுகிறது. நான்கு துருப்புகள், துருப்பில்லா ஆட்டம் ஒன்று, ஏலம் எடுக்கக்கூடிய நான்கு பேர் என்று ஒரு பங்கீட்டுக்கு இருபது விடைகள் உண்டு. போட்டி முடிந்ததும் ஆட்டக்காரர்கள் கையில் தரப்படும் தாளில் இந்த விடைகள் அச்சாகியிருக்கும்.

அதாவது மின்ரயிலின் ஐந்தாவது ஆளை மனிதகுலம் இயந்திரமாகவே செய்துவிட்டது. அவரைவிடத் துல்லியமானது, ஒருபோதும் தவறாதது.

ராணி எங்கே?

மூடிய சீட்டில் ஆடவும் இந்த இயந்திரத்தைப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் இயல்பாக வந்தது. தெரியாத 26 சீட்டைக் கற்பனையாக ஐம்பது விதமாகவோ நூறு விதமாகவோ பங்கிட வேண்டும். ஒவ்வொன்றையும் டபுள் டம்மியாகத் தீர்த்து, எந்தச் சீட்டு அதிக முறை வெல்கிறதோ அதை இறக்க வேண்டும். ஜிப் செய்தது இதைத்தான். நன்றாகவே ஆடியது. ஆனால் ஒரு விசித்திரமான குருட்டுத்தனமும் அதற்கு இருந்தது.

வடக்கிடம் இஸ்பேட் ராஜா, பத்து, மூன்று. தெற்கிடம் இஸ்பேட் ஆஸ், ஜாக்கி, இரண்டு. ராணி எதிராளிகளில் ஒருவரிடம். மேற்கிடம் என்றால் தெற்கிலிருந்து இரண்டை இறக்கி வடக்கின் பத்தைப் போட வேண்டும். கிழக்கிடம் என்றால் வடக்கிலிருந்து மூன்றை இறக்கித் தெற்கின் ஜாக்கியைப் போட வேண்டும். சரியாக ஊகித்தால் மூன்று பிடி. வேறு துப்பு இல்லாவிட்டால் மனிதருக்கு இது பாதிக்குப் பாதி.

கற்பனைப் பங்கீடுகளைத் தீர்க்கும் நிரலுக்கோ ஒவ்வொரு பங்கீட்டிலும் ராணி கண்ணெதிரே இருக்கிறாள். நூறில் நூறு முறையும் அது சரியாகவே பிடிக்கும். ஆகவே இஸ்பேடில் மூன்று பிடி உறுதி என்று நம்பிவிடும். பக்கத்திலேயே ராணியைத் தேட வேண்டிய அவசியமே இல்லாத பத்திரமான வழி ஒன்று இருந்தாலும், அதைவிட இது எந்த விதத்திலும் குறைந்ததாக அதற்குத் தோன்றாது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஊகத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகும். அந்த நேரம் வரும்போதுதான் ராணி எங்கே என்பது தனக்குத் தெரியாது என்று கண்டுகொள்ளும். இயன் ஃபிராங்க், டேவிட் பேசின் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-இல் இந்தக் குறையை விரிவாக விளக்கினார்கள். ஒவ்வோர் உலகத்துக்கும் தனித்தனியாகச் சிறந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டு, எந்த உலகத்தில் இருக்கிறோம் என்று தெரியாமலே அவற்றையெல்லாம் கலந்து பயன்படுத்தலாம் என்று எண்ணுவதுதான் பிழை.

நல்ல ஆட்டக்காரரின் திறமை இங்கேதான் வேறுபடுகிறது. எல்லாம் தெரிந்தவர் கண்ணெதிரே உள்ள ஓர் உலகத்துக்குத் திட்டம் போட்டால் போதும். தெரியாதவரோ பல உலகங்களுக்கும் சேர்த்து ஒரே திட்டத்தைப் போட வேண்டும். 2022 மார்ச்சில் பாரிஸில் 'நூக்' என்ற நிரல் எட்டு உலகச் சாம்பியன்களைவிட நன்றாக ஆடி, 80 சுற்றுகளில் 67-ஐ வென்றது. ஏலத்தை விட்டுவிட்டுச் சீட்டு இறக்குவதில் மட்டும் நடந்த போட்டி அது. ஆனாலும் எதிராளியின் சீட்டு தெரியாத நிலையில் முடிவெடுப்பதில் கிடைத்த வெற்றி என்பதால்தான் அது செய்தியானது.

சென்னை, 2015

2015 செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 10 வரை உலக பிரிட்ஜ் அணிகள் போட்டி சென்னையில் நடந்தது. முதன்மைக் கோப்பையான பெர்முடா போலைப் போலந்து வென்றது. ஆட்டங்களைவிட அதிகம் பேசப்பட்டதோ வராமல் போன அணிகளைப் பற்றித்தான். சில வாரங்களுக்கு முன் நார்வே ஆட்டக்காரர் போயே புரோகெலாண்ட் சில முன்னணி ஜோடிகள்மீது வெளிப்படையாகக் குற்றம் சாட்டியிருந்தார். சீட்டை வைக்கும் கோணம், பலகையை நகர்த்தும் இடம் போன்றவற்றால் ஜோடிக்கு ரகசியமாகச் சேதி சொல்கிறார்கள் என்பது அந்த நாட்களில் எழுந்த புகார். பழைய ஆட்டங்களின் வீடியோக்களைப் பல நாட்டு ஆர்வலர்கள் அலசினார்கள். இஸ்ரேல், மொனாக்கோ, ஜெர்மனி அணிகள் சென்னைக்கு வராமல் விலகிக்கொண்டன. ஒரு ஜோடிக்கு விதிக்கப்பட்ட தடையை விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் 2018-இல் ரத்து செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அன்று கண் வைத்துப் பார்த்தது மனிதர்கள். அதன்பின் டபுள் டம்மி நிரலுக்கு ஒரு புதிய வேலை வந்தது. ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் ஒருவர் இறக்கிய ஒவ்வொரு சீட்டையும் நிரலின் விடையோடு ஒப்பிடலாம். டம்மியைக்கூடப் பார்க்காமல் இறக்கப்படும் முதல் சீட்டில் மிகச் சிறந்த ஆட்டக்காரரும் அடிக்கடி தவறுவார். தவறித்தான் ஆக வேண்டும், தெரியாதே. ஒருவர் ஆண்டுக்கணக்கில் அந்த அளவுக்குத் தவறாமலே இருந்தால் அதுவே கேள்விக்குரியதாகிறது. நேர்மையாக ஆடுபவரின் கையெழுத்து, அவர் செய்யும் நியாயமான தவறுகளில்தான் இருக்கிறது.

சீட்டில் அதிர்ஷ்டத்துக்கும் இடம் உண்டே என்று கேட்கலாம். ரம்மி திறமையின் ஆட்டமா என்ற வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றம், அதில் உள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டுப் பங்கிடும்போது உள்ள அதிர்ஷ்டத்தைப் போன்றதே என்று ஒப்பிட்டுச் சொன்னது. பிரிட்ஜ் அணிப் போட்டிகளில் அந்த அதிர்ஷ்டமும் பெருமளவு விலக்கப்படுகிறது. ஒரே பங்கீட்டை இரண்டு மேசைகளில் எதிரெதிர் ஜோடிகள் ஆடுவார்கள். மிஞ்சுவது முடிவெடுக்கும் திறமைதான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தது அத்தகைய திறமையால்தான்.

ஆகவே விடைத்தாள் கையில் கிடைக்கும்போது அதைப் படிக்க ஒரு முறை உண்டு. இந்தப் பங்கீட்டில் பத்துப் பிடி இருந்தது என்று தாள் சொன்னால், இருந்தது என்பதே பொருள். அதை எடுத்திருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. அதற்கு எதிராளிகளின் இரண்டு கைகளையும் விரலால் மறைத்துக்கொண்டுதான் விடை தேட வேண்டும்.

சோதித்துப் பார்க்க முன்பு பார்த்த மூன்று சீட்டு ஆட்டமே போதும். இஸ்பேட் ராஜா, ராணி, ஆர்ட்டின் ஆஸ் மூன்றும் மேற்கிடம் இருந்தன. அவற்றைக் கிழக்கிடம் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் மூன்று பிடி வரும். தெற்குக்கு அவை யாரிடம் என்று தெரிய வேண்டியதே இல்லை, ஒருவரிடமே சேர்ந்திருந்தால் போதும். இப்போது ஒரே ஒரு மாற்றம்: ஆர்ட்டின் ராஜாவை வடக்குக்கும் ஆர்ட்டின் மூன்றைத் தெற்குக்கும் மாற்றுங்கள். தெற்கு கிளாவர் ஆஸை இறக்குகிறது. கழிக்க வேண்டிய முறை மேற்கு, வடக்கு, கிழக்கு. காவல் சீட்டுகள் மேற்கிடம் இருந்தால் எத்தனை பிடி, கிழக்கிடம் இருந்தால் எத்தனை? இரண்டுக்கும் விடை ஒன்றல்ல. ஏன் என்று கண்டுபிடித்துவிட்டால், கிளாவர் ஆஸை இறக்கும் முன்பே எந்தக் கையில் ராஜா இருப்பது நல்லது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.