நாற்காலிக் கதைகள் – 17: கவுடா போவாரா, மூப்பனார் வருவாரா?

1997 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. ஈஸ்டர் விடுமுறையில் டெல்லி அசந்திருந்த நேரம் பார்த்து, காங்கிரஸ் தலைவர் சீதாராம் கேசரி குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மாவிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டார். தேவ கவுடா அரசுக்கு ஆதரவு வாபஸ். கூடவே, ஆட்சி அமைக்கக் காங்கிரஸே உரிமை கோருகிறது. கேசரியின் சொந்தக் கட்சிக்காரர்களிலேயே பலருக்கு விஷயம் கடிதம் போன பிறகுதான் தெரியும்.

அன்றிலிருந்து மூன்று வாரம், கவுடா போவாரா மாட்டாரா என்பதைத் தவிர நாட்டில் வேறு பேச்சில்லை. டெல்லியில் என்ன நடந்தது என்று எழுதிய புத்தகங்கள் இருக்கின்றன. நான் இந்த வாரம் அந்தப் பேச்சைத் தொண்டாமுத்தூரிலிருந்து பார்க்கிறேன். காரணம் இருக்கிறது.

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் வாழையும் மஞ்சளும் தக்காளியும் விளையும் இந்தத் தொகுதி அப்போது நீலகிரி மக்களவைத் தொகுதியில் இருந்தது. 1996 தேர்தலில் இங்கே எம்.எல்.ஏ. தமிழ் மாநில காங்கிரஸ், எம்.பி.யும் தமிழ் மாநில காங்கிரஸ். எம்.பி. எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியம் கவுடா அமைச்சரவையில் இணை அமைச்சர். அதுவும் நாடாளுமன்ற விவகாரத் துறைக்கு! சபையில் தலை எண்ணுகிற இலாகா. டெல்லியில் அரசு ஆடினால் தொண்டாமுத்தூர் டீக்கடைக்கு அது வெறும் பேப்பர் செய்தி இல்லை, வீட்டு விவகாரம்.

கட்சி பிறந்து அப்போது ஒரு வருடம்தான். ஜெயலலிதாவோடு கூட்டணி என்று நரசிம்ம ராவ் முடிவெடுத்ததும் மூப்பனார் வெளியே வந்தார். திமுகவோடு சேர்ந்தார். சைக்கிள் சின்னம் கிடைத்தது. ரஜினி குரல் கொடுத்தார். 'அண்ணாமலை' படத்தில் ரஜினி சைக்கிளோடு நிற்கும் படம் சுவரெல்லாம் ஏறியது. நின்ற இருபது மக்களவைத் தொகுதியிலும் வெற்றி. பிறந்த சில வாரங்களிலேயே மத்திய அரசைத் தாங்கும் கட்சி, நிதியமைச்சர் ப.சிதம்பரம் அந்தக் கட்சிக்காரர். ஊர்க் கிளைச் செயலாளருக்கு நடை மாறாமல் என்ன செய்யும்?

கவுடா எப்படிப் பிரதமரானார் என்பதை மறந்துவிடக் கூடாது. 1996-ல் பாஜகவுக்கு 161, காங்கிரஸுக்கு 140. வாஜ்பாய் அரசு பதின்மூன்று நாளில் கவிழ்ந்தது. ஐக்கிய முன்னணிக்காரர்கள் வி.பி.சிங்கைக் கேட்டார்கள், மறுத்தார். ஜோதிபாசுவைக் கேட்டார்கள், அவருடைய கட்சி மறுத்தது. கலைஞரோ தன் உயரம் தனக்குத் தெரியும் என்று ஒதுங்கிக்கொண்டார். கடைசியில் கர்நாடக முதல்வராக இருந்த தேவ கவுடாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஜூன் 1-ம் தேதி பதவியேற்றார். யாருக்கும் முதல் தேர்வு அல்ல. பந்தியில் மிச்சமிருந்த இலையில் உட்கார்ந்தவரை எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம் என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அவர் ஒன்றும் செய்யாமல் இல்லை. டிசம்பரில் வங்கதேசத்தோடு கங்கை நீர் ஒப்பந்தம் போட்டார். பிப்ரவரி 28-ல் சிதம்பரம் தாக்கல் செய்த பட்ஜெட்டில் வருமான வரி பத்து, இருபது, முப்பது சதவீதம் என்று இறங்கியது. கோவை மில்காரர்களும் பம்புசெட் பட்டறைக்காரர்களும் வாயாரப் புகழ்ந்த பட்ஜெட் அது. ஆனால் மேடையில் கண்ணயரும் பிரதமர் என்ற கேலிப்படம்தான் ஜனங்கள் மனதில் நின்றது. பெயர் ஒருமுறை கெட்டுவிட்டால் ஒப்பந்தமும் காப்பாற்றாது, பட்ஜெட்டும் காப்பாற்றாது.

கேசரி பல ஆண்டு காங்கிரஸின் பொருளாளர். 'கணக்கும் இல்லை, பேரேடும் இல்லை, கேசரி சொன்னதே கணக்கு' என்று அந்தக் கட்சியில் ஒரு சொலவடை உண்டு. அவருக்குக் கவுடா மேல் பல மனக்குறை. பஞ்சாபில் காங்கிரஸ் மண்ணைக் கவ்வியிருந்தது. உத்தரப் பிரதேசத்தில் பாஜக கை கொடுத்து மாயாவதி முதல்வரானார். தன்மீது பழைய விவகாரங்களைக் கிளறப் பார்க்கிறார்கள் என்ற பயமும் அவருக்கு இருந்ததாக அன்றைய பத்திரிகைகள் எழுதின. கட்சியில் தன் நாற்காலியே ஆடும்போது அடுத்தவர் நாற்காலியை ஆட்டிவிடுவது பழைய வித்தை.

தொண்டாமுத்தூருக்கு வருவோம். அந்த மாதம் மேற்கே மலைக்கு மேலே தினமும் ஓர் அதிசயம். இருட்டியதும் வடமேற்கு வானத்தில் வால்நட்சத்திரம். ஹேல்-பாப் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்தது. வெறும் கண்ணுக்கே வாலோடு தெரிந்தது. வால்நட்சத்திரம் தோன்றினால் அரசனுக்கு ஆகாது என்பது நம் ஊர்களில் காலங்காலமாகச் சொல்வது. தோட்டத்துக்குத் தண்ணி கட்டிவிட்டு வரும் பெரியவர்கள் அண்ணாந்து பார்த்து, "டெல்லிக்காரனுக்குத்தானுங் இது" என்று முடித்துவிட்டார்கள். வாலுக்கும் கேசரிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு சங்கடம். கோவையின் மேற்கு வட்டாரத்தில் வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசும் ஒக்கலிகர் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. தேவ கவுடாவும் ஒக்கலிகர். காவிரிப் பிரச்சினையில் அவரைத் திட்டிக்கொண்டே, நம்மாள் ஒருத்தர் பிரதமராக இருக்கிறார் என்று உள்ளுக்குள் பூரித்தவர்கள் உண்டு. அவர்களுக்குக் கவுடா இருக்கவும் வேண்டும், மூப்பனார் வரவும் வேண்டும். "ஏனுங், ரெண்டு பேரையும் வெச்சுக்க முடியாதுங்களா?" என்று ஒருவர் கேட்டாராம். மண்டி வைத்திருந்த பழைய தமாகாக்காரர் ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னது இது. பிற்பாடு டெல்லியில் நடந்த பேரங்களைப் பார்த்தால் அது அப்படியொன்றும் அசட்டுக் கேள்வியாகத் தெரியவில்லை.

ராஜினாமா செய்துவிட்டுப் போயிருந்தால் கவுடாவுக்கு மரியாதையாவது மிஞ்சும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் கேட்கவில்லை. சபையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, மக்களவையில் கேசரியை அவசரத்தில் இருக்கும் கிழவர் என்று சொல்லிச் சாடினார். அரசுக்கு ஆதரவாக 158, எதிராக 292. காங்கிரஸும் பாஜகவும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்ட விசித்திரம். தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கியவர் அன்று பேசிய பேச்சை எதிரிகள்கூட ரசித்துக் கேட்டார்கள். கவுடாவின் பத்து மாத ஆட்சியில் எனக்குப் பிடித்த நாள் அதுதான். போகிறவர் நின்று பேசிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் சித்திரை ஒன்று. ஈஸ்வர வருடம். கோயிலில் பஞ்சாங்கம் படித்து இந்த வருடத்து ராஜா எந்தக் கிரகம், மந்திரி எந்தக் கிரகம் என்று ஐயர் சொல்லிக்கொண்டிருந்தார். நாட்டுக்கு அன்று இருந்தது காபந்துப் பிரதமர்.

கேசரிக்குப் பிரதமராகும் கனவு பலிக்கவில்லை, சேர வேண்டிய எண்ணிக்கை சேரவில்லை. காங்கிரஸ் எம்.பி.க்களுக்கோ ஒரு வருடத்துக்குள் இன்னொரு தேர்தல் என்றாலே வயிற்றைக் கலக்கியது. ஆகவே இறங்கி வந்தார்: ஐக்கிய முன்னணி வேறு தலைவரைக் காட்டினால் ஆதரவு. கவுடாவைத் தூக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்த எவரிடமும் அடுத்தது யார் என்பதற்கு விடை இல்லை. முலாயம் சிங் என்றால் லாலு ஒப்பமாட்டார். ஜோதிபாசு என்றால் கட்சி விடாது. அங்கேதான் மூப்பனார் பேர் அடிபட ஆரம்பித்தது.

கபிஸ்தலத்து மிராசுதார். திருவையாறு தியாகராஜ ஆராதனை நடக்கக் காரணமானவர்களில் ஒருவர். இந்திரா, ராஜீவ் காலத்தில் அகில இந்தியக் காங்கிரஸின் பொதுச்செயலாளராக எத்தனையோ மாநிலத்துச் சண்டைகளைத் தீர்த்துவைத்தவர். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவார். கூட்டணிக்குத் தேவையான பொறுமை அவரிடம் கவுடாவைவிட அதிகம். தொண்டாமுத்தூரில் சந்தேகமே இல்லை. "ஐயாதானுங்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். சரவெடி வாங்கி வைத்த கதையை அந்த மண்டிக்காரர் விலாவாரியாகச் சொன்னார்: எங்கே வாங்கினது, யார் பணம் போட்டது, மழையில் நனையாமல் யார் வீட்டு அட்டாலியில் வைத்தது என்பது வரை.

அட்டாலியை விட்டு அது இறங்கவில்லை. இடதுசாரிகளுக்கு மூப்பனார்மேல் ஒரு சந்தேகம்: நேற்றுவரை காங்கிரஸ்காரர், நாளை கட்சியோடு அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டால்? திமுகதான் குறுக்கே நின்றது என்று தமாகாக்காரர்கள் சொன்னார்கள், திமுகவினர் மறுத்தார்கள். என்னைக் கேட்டால் எந்தத் தனி ஆளும் அவரைத் தடுக்கவில்லை. அவருக்குச் சொந்தமாக இருபது எம்.பி. இருந்தார்கள். டெல்லி அவருக்குத் தண்ணிபட்ட பாடு. காங்கிரஸில் பாதிப் பேருக்கு அவர் பழைய சிநேகிதர். உட்கார்ந்தால் நிலைத்துவிடக் கூடியவர். ஆதரவு கொடுப்பவர்களும் கூட்டாளிகளும் தேடியதோ, வேண்டும்போது எழுப்பிவிடக் கூடிய இன்னொருவரை. தவிர, ஒரு வாரம் ஊரெல்லாம் அடிபட்ட பெயருக்கு எதிரிகள் ஒன்றுசேரப் போதுமான அவகாசம் கிடைத்துவிட்டது.

அப்படி ஓர் ஆபத்தும் இல்லாத ஆளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இந்தர் குமார் குஜ்ரால் பிகாரிலிருந்து மாநிலங்களவைக்கு வந்தவர், தனக்கென்று ஒரு மாவட்டம்கூட இல்லாதவர். ஆந்திர பவனில் தலைவர்கள் விடிய விடியப் பேசிக்கொண்டிருக்க, அவர் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி, நீங்கள்தான் பிரதமர் என்றார்கள். தூக்கத்துக்காகக் கேலி செய்யப்பட்டவரை இறக்கிவிட்டு, தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி ஏற்றினார்கள். ஏப்ரல் 21-ல் பதவியேற்பு. கோபித்துக்கொண்ட தமாகா அமைச்சரவையில் சேரவில்லை. பட்ஜெட் அந்தரத்தில் நின்றது. சமாதானமாகி, மே 1-ம் தேதி சிதம்பரம் திரும்பவும் நிதியமைச்சரானார்.

குஜ்ராலையும் அதே காங்கிரஸ் நவம்பரில் கவிழ்த்தது. ராஜீவ் கொலையை விசாரித்த ஜெயின் கமிஷன் அறிக்கையைக் காட்டி, திமுகவை வெளியேற்று என்றார்கள், அவர் மறுத்துவிட்டார். பிறகு நடந்தது கோவை மறக்க முடியாத தேர்தல். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகள், அதன் பின் ஓட்டுப்பதிவு. கோவையில் சி.பி.ராதாகிருஷ்ணன், நீலகிரியில் மாஸ்டர் மாதன் என்று இரண்டு இடமும் பாஜகவுக்குப் போனது. இருபது எம்.பி. வைத்திருந்த தமாகாவுக்கு மிஞ்சியது மூன்று.

2001 சட்டமன்றத் தேர்தலில் எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியம் தொண்டாமுத்தூரிலேயே நின்று எம்.எல்.ஏ. ஆனார். கூட்டணி யாரோடு? எந்த ஜெயலலிதாவோடு சேரக் கூடாது என்று கட்சி தொடங்கினார்களோ, அதே ஜெயலலிதாவோடு. அந்த ஆகஸ்ட் 30-ல் மூப்பனார் காலமானார். மறு ஆண்டு கட்சி காங்கிரஸோடு கலந்தது. இடதுசாரிகளின் சந்தேகம் கடைசியில் பலித்தது, ஆனால் அவர் போன பிறகு.

அந்த மூன்று வாரத்தை யாரும் விடுவதாகவும் இல்லை. 2023 ஜூனில் சென்னைக்கு வந்த அமித் ஷா, காமராஜரும் மூப்பனாரும் பிரதமராகாமல் போனதற்குத் திமுகவே காரணம் என்றார். 2025 ஆகஸ்டில் மூப்பனார் நினைவு நாளில் நிர்மலா சீதாராமனும் அதைத்தான் கேட்டார். அந்த நிகழ்ச்சிக்கு எடப்பாடி பழனிசாமியும் வந்திருந்தார்.

அவர் கதைக்கு அடுத்த வாரம் போகலாம். 2024 மக்களவைத் தேர்தலில் அதிமுகவுக்கு ஓரிடம்கூடக் கிடைக்காமல், கோவையில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டதும், எடப்பாடி நீடிப்பாரா என்ற பேச்சு கிளம்பியது. அப்போது அடிபட்ட பெயர்களில் ஒன்று, 2011-லிருந்து தொடர்ந்து மூன்று முறை தொண்டாமுத்தூரில் ஜெயித்த எஸ்.பி.வேலுமணி. கட்சியில் பிளவே இல்லை என்று அவர் முந்திக்கொண்டு மறுத்தார். மூப்பனார் கதை தெரிந்த தொகுதிக்காரர் வேறெப்படிச் செய்வார்?

(தொடரும்)