உங்களுக்குத் தெரியுமா? காயில் திருப்பித் தரும் மின்சாரம்

● காயிலில், அதாவது கம்பிச்சுருளில், ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று நிறுத்த முடியாது. சுவிட்சைத் திறந்ததும் காந்தப்புலம் சுருங்கும். அது ஓட்டத்தைத் தொடரவைக்கப் பெரும் மின்னழுத்தத்தை எழுப்பும். 10 மில்லிஹென்றி காயிலில் 1 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் அது அறுந்தால் 1,000 வோல்ட் எழும். நாம் கொடுத்தது 12 வோல்ட் பேட்டரிதான்!

● பேட்டரியிலிருந்து நீளக் கம்பியைப் பிரிக்கும்போது தீப்பொறி தெறிப்பதையும், கம்பியைச் சுருளாகச் சுற்றினால் பொறி வலுப்பதையும் 1832-இல் எழுதி வெளியிட்டவர் அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி.

● ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு இருக்கும். ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டரை அது காப்பாற்றும், ஆனால் திரும்பி வரும் ஆற்றல் காயிலுக்குள்ளேயே சூடாகிப் போய்விடும். அதே டயோடை ஒரு கெப்பாசிட்டருக்கு வழிகாட்டும்படி மாற்றி இணைத்தால், வீணானது சேமிப்பாகும். உங்கள் செல்போன் சார்ஜர் செய்வது இதைத்தான். உள்ளிருக்கும் சுவிட்ச் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும். மூடியிருக்கையில் காயில் ஆற்றலை வாங்கிக்கொள்ளும், திறந்ததும் டயோடு வழியே போனுக்குத் தரும்.

● எந்த டயோடு என்பது முக்கியம். எங்கும் கிடைக்கும் 1என்4007, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றது. வேகத் துடிப்புகளில் அது மூடுவதற்குள் பிடித்த மின்சாரத்தில் கொஞ்சம் பின்னோக்கி வழிந்துவிடும். யூஎஃப்4007 சுமார் 75 நானோநொடியில் மூடிக்கொள்ளும். குறைந்த வோல்ட் வேலைக்கு ஷாட்கி டயோடு நல்லது. சாதா சிலிக்கான் டயோடு 0.7 வோல்ட்டைத் தின்னும், இது ஏறக்குறைய 0.3-தான்.

● கொசு பேட்டுக்குள் துடிக்கும் சின்னக் காயிலின் மின்னழுத்தத்தை டயோடு-கெப்பாசிட்டர் அடுக்கு மடங்காக்குகிறது. இதே வகை அடுக்கைப் பெரிதாகக் கட்டித்தான் 1932-இல் கேம்பிரிட்ஜில் காக்ராஃப்டும் வால்டனும் லித்தியம் அணுக்கருவைப் பிளந்தார்கள். 1951-இல் நோபல் பரிசு!

● ஜெனீவா அருகே சேர்ன் ஆய்வகத்தில், 628 மீட்டர் சுற்றளவுள்ள புரோட்டான் சின்க்ரோட்ரான் என்னும் துகள் முடுக்கி 1959 முதல் ஓடுகிறது. ஒவ்வொரு துடிப்பு முடிந்ததும் அதன் மின்காந்தங்களின் ஆற்றல் பிரமாண்டக் கெப்பாசிட்டர்களுக்குத் திரும்பி, அடுத்த துடிப்புக்குப் பயன்படுகிறது. 2011-இல் வந்த ஏற்பாடு இது. வெளி மின்கம்பி ஈடுகட்ட வேண்டியது இழப்பை மட்டும்தான்.

● 'பேட்டரி தன்னைத்தானே சார்ஜ் செய்யும்' என்று காட்டும் வீடியோக்களை நம்பிப் பணம் போடாதீர்கள். 1,000 வோல்ட் என்பது கண நேரம்தான். மேலே சொன்ன காயிலில் இருப்பது 5 மில்லிஜூல். ஒரு கிராம் எடையை அரை மீட்டர் தூக்கலாம், அவ்வளவே. துடிப்புகளைச் சாதாரண மல்டிமீட்டர் தப்பாகக் காட்டும் என்பதால், காலியான 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் பத்துத் துடிப்புகளைச் சேர்த்துப் பிறகு அளந்து பாருங்கள். இழப்பே இல்லாவிட்டால் 10 வோல்ட் வர வேண்டும். உங்கள் மீட்டர் அதற்குக் கீழேதான் காட்டும்.