உலக உடன்படிக்கைகளும் அவற்றின் சுட்டியும்

இரண்டு அரசுகள் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டால், அதனாற் கட்டுப்படுவோர் கைச்சாத்திட்ட அமைச்சர்கள் மாத்திரமல்லர். அவ்விரு நாட்டு மக்களுமேயாவர். எல்லைக்கோடு எவ்வழி செல்லும், மீனவர் எதுவரை போகலாம், எப்பொருளுக்கு எவ்வளவு தீர்வை என்பனவெல்லாம் அத்தகைய ஏடுகளில் அடங்கியிருத்தல் கூடும். ஆயின் அவ்வேட்டை மக்கள் எங்கே தேடிக் காண்பது?

முற்காலத்தில் இவ்வினாவுக்கே இடமிருக்கவில்லை. பல உடன்படிக்கைகள் இரகசியமாகவே இருந்தன. 1915 ஏப்ரல் 26 ஆம் திகதி இலண்டனிற் செய்யப்பட்ட உடன்படிக்கை இதற்குத் தக்க சான்று. முதலாம் உலக யுத்தத்தில் இத்தாலியைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்வதற்காகப் பிரித்தானியா, பிரான்சு, இரசியா ஆகியன அதற்குப் பிறர் நிலங்களை வாக்களித்தன. 1917 இல் இரசியப் புரட்சி அரசு இத்தகைய இரகசியங்களை அம்பலப்படுத்தியபோது உலகம் திடுக்குற்றது. 1918 சனவரியில் அமெரிக்க சனாதிபதி வில்சன் வெளியிட்ட பதினான்கு அம்சங்களுள் முதலாவது, உடன்படிக்கைகள் பகிரங்கமாகச் செய்யப்படல் வேண்டும் என்பதே.

சர்வதேச சங்கம் இக்கருத்தைச் சட்டமாக்கியது. உறுப்பு நாடுகள் செய்யும் உடன்படிக்கைகள் சங்கத்தின் செயலகத்திற் பதிவுசெய்யப்படும் வரை எவரையும் கட்டுப்படுத்தா என அதன் சாசனத்தின் 18 ஆம் உறுப்புரை விதித்தது. ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 102 ஆம் உறுப்புரை இவ்விதியைச் சற்றுத் தளர்த்தியது. பதிவுசெய்யப்படாத உடன்படிக்கையை ஐக்கிய நாடுகளின் எந்த அங்கத்தின் முன்னும் ஆதாரமாகக் காட்டலாகாது என்பதே இன்றுள்ள விதி.

பதிவான உடன்படிக்கைகள் நூல்களாக வெளிவந்தன. சர்வதேச சங்கத்தின் தொகுதிகள் மட்டும் 205. ஐக்கிய நாடுகளின் தொகுதிகளோ 2,500 ஐயும் கடந்துவிட்டன. கதவு திறந்தது, ஆனால் உள்ளே நுழைந்தவன் வழி தெரியாது திகைத்தான். தொகுதிகள் பதிவான ஒழுங்கிலே அச்சிடப்படுகின்றன, விடயவாரியாக அன்று. ஓர் உடன்படிக்கை ஒரு தொகுதியில் இருக்க, அதிற் பின்னர் சேர்ந்த நாடும் விலகிய நாடும் பல ஆண்டுகளுக்குப் பிந்திய வேறு தொகுதிகளில் இருக்கும். எனவே, நாடு, திகதி, விடயம் ஆகியவற்றைக் கொண்டு தேடத்தக்க சுட்டி இன்றியமையாததாயிற்று.

அச்சுட்டியை ஆக்குவது எளிய பணியன்று. ஒரே தன்மையுள்ள ஆவணம் ஓரிடத்தில் ஒப்பந்தம் எனவும், பிறிதோரிடத்தில் குறிப்புப் பரிமாற்றம் எனவும் பெயர் பெறும். நாடுகளின் பெயர்களும் மாறும். தமிழில் இலங்கை இலங்கையாகவே நின்றது. ஆனால் ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்பது 1972 இல் ‘ஸ்ரீ லங்கா’ ஆயிற்று. இரு பெயர்களையும் இணைத்துக் காட்டாத சுட்டியிற் தேடுவோன், ஒரு நாட்டின் உடன்படிக்கைகளுட் பாதியைத் தவறவிடுவான்.

அறிஞர் சிலர் இப்பணியைத் தம் தலைமேற் கொண்டனர். கிளைவ் பரி என்பார் 1648 முதல் 1919 வரையிலான உடன்படிக்கைகளைத் தொகுத்தார். அவற்றுக்குச் சுட்டிகளும் அமைக்கப்பட்டன. அமெரிக்காவின் வாசிங்டன் பல்கலைக்கழகத்துப் பீட்டர் ரோன் கணனியின் துணைகொண்டு ஆக்கிய உலக உடன்படிக்கைச் சுட்டி 1974 இல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. ஐக்கிய நாடுகளின் தொகுதிகளும் இன்று கணனி வழியே தேடிப் படிக்கக்கூடியனவாயுள்ளன.

எனினும், சுட்டியை நாடுவோர் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். பெரும்பாலும் அரசுகள் சமர்ப்பிப்பனவற்றையே செயலகம் பதிவுசெய்கின்றது. ஆதலின் பதிவேட்டில் இல்லாமையால் மாத்திரம் ஓர் உடன்படிக்கை செல்லாததாகிவிடாது. பெயரும் அதைத் தீர்மானிப்பதில்லை. கட்டார், பகரெயின் ஆகிய நாடுகளின் பிணக்கில், அமைச்சர்கள் 1990 இல் ஒப்பமிட்ட வெறுங் கூட்டக் குறிப்பே நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை எனச் சர்வதேச நீதிமன்று 1994 இல் தீர்த்தது. பெரிய நாடுகளுக்கு உடன்படிக்கைகளைத் தேடிக் கொடுக்கச் சட்ட நிபுணர் பலர் உளர். சிறிய நாட்டின் அலுவலருக்கோ பெரும்பாலும் சுட்டியொன்றே துணை. அதில் ஒரு பதிவு விடுபட்டால், தமது நாட்டின் உரிமையொன்றை அறியாமலே அவர் பேச்சுவார்த்தை மேசையில் அமரநேரும்.