காட்டு வண்டி – 9: திருகினால்தான் நான்கு சக்கரம்

போன வாரம் டிரான்ஸ்ஃபர் கேஸில் நிறுத்தினோம். 2எச் என்றால் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும், 4எச் என்றால் நான்கும், 4எல் என்றால் தாழ்ந்த கியரில் நான்கும்; தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம் டயர் என்று சொல்லியிருந்தேன். டயருக்குப் போகிற வழியில், முன்சக்கரத்தின் நடுவே இருக்கிற ஒரு சின்னத் திருகு பிடித்து நிறுத்திவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

அதற்கும் முன்னால் ஒரு பாக்கி. கேமராவும் நீளமான லென்ஸுமாகக் காட்டோரம் போகிறவர்கள், 'தார் வாங்கலாமா, ஜிம்னி வாங்கலாமா, பழைய ஜிப்சியே போதுமா?' என்று கேட்கிறார்கள். பேச்சு எப்போதும் குதிரைசக்தியில்தான் ஆரம்பிக்கிறது. எடையை யாரும் கேட்பதில்லை. நான் முதலில் பார்ப்பது எடையைத்தான். மழை விட்ட மறுநாள் கரிசலில் வண்டியை இறக்கியவருக்குக் காரணம் சொல்லவே வேண்டாம். எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கத்துக் கண்மாய்க்கரைகளில் அந்த மண் டயரின் பள்ளங்களையெல்லாம் நிரப்பி வழவழவென்று ஆக்கிவிடும். அப்புறம் மட்கார்டு வரைக்கும் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவே விடாது. கனமான வண்டியில் அதற்குமேல் ஆக்சிலரேட்டரை மிதித்தால் குழி ஆழமாகும், அவ்வளவுதான். இலேசான வண்டியை நாலு பேர் சேர்ந்து தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

1985 டிசம்பரில் மாருதி ஜிப்சி வந்தபோது அதன் எஞ்சின் 970 சி.சி., சக்தி 45 குதிரை. இன்றைக்கு அந்த எண்ணைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் கீழே. இன்றைய ஐந்து கதவு ஜிம்னி சுமார் 1,200 கிலோ. தார் அதற்கும் மேலே வெகுதூரம் போய்விட்டது. தார் மட்டமான வண்டி என்று நான் சொல்லவில்லை. ஆற்றைக் கடக்கவும் நெடுஞ்சாலையில் ஓடவும் அது நல்ல வண்டி. ஆனால் மண் எப்படியிருக்கும் என்று தெரியாத இடத்துக்குத் தனி ஆளாகப் போகிறவருக்கு, தள்ளக்கூடிய வண்டிதான் நல்ல வண்டி.

இந்த இலேசு ஜிப்சியின் குடும்பச் சொத்து. 1960களின் கடைசியில் ஜப்பானில் ஹோப் மோட்டார் என்ற சின்னக் கம்பெனி, மிட்சுபிஷியின் எஞ்சினை வாங்கிப் பொருத்தி, குட்டியாக ஒரு நான்கு சக்கர இழுவை வண்டி செய்தது. அது விற்கவில்லை. 1968-ல் அந்த வடிவத்தின் உரிமையை வாங்கிய சுசூகி, அதைத் திருத்தி 1970-ல் எல்ஜே10 என்று வெளியிட்டது. எஞ்சின் 359 சி.சி., இரண்டு ஸ்ட்ரோக். அந்நாளைய ஜப்பானியச் சட்டப்படி சிறு வண்டிக்கான வரிச்சலுகை கிடைக்க எஞ்சின் 360 சி.சி.யைத் தாண்டக் கூடாது, நீளம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஸ்டெப்னியைப் பின்னால் தொங்கவிட்டால் நீளம் தாண்டிவிடும். எனவே பின்சீட்டில் ஒரு ஆளின் இடத்தை எடுத்து, ஸ்டெப்னியை வண்டிக்குள்ளேயே வைத்தார்கள். மூன்று பேரும் ஒரு டயரும் உட்காரும் வண்டி! அதன் பேரன்தான் நம் ஜிப்சி.

அதே குடும்பத்து சாமுராய் ஒன்று 2007 ஏப்ரலில் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். சிலி – அர்ஜென்டினா எல்லையில் ஓஹோஸ் டெல் சலாதோ என்று ஒரு எரிமலை. உலகிலேயே உயரமான எரிமலை அதுதான். அதற்கு முந்தைய மாதம் அமெரிக்க ஜீப் கம்பெனியின் வண்டிகள் அதில் 6,646 மீட்டர் வரை ஏறி, இங்கே ஜீப் மட்டும்தான் நிறுத்தலாம், மற்றவை எப்படியும் இவ்வளவு தூரம் வராது என்று எழுதிய பலகை ஒன்றையும் நட்டுவிட்டு வந்தன. சிலிக்காரர்கள் இருவர், மாற்றியமைத்த தங்கள் பழைய சுசூகியில் 6,688 மீட்டர் ஏறினார்கள். காற்று மெலிந்து சாதாரண எஞ்சின் பாதி பலத்தை இழக்கிற உயரம் அது. அங்கே எடை குறைந்த வண்டி மேலே போனது.

ஆகவே வண்டி வாங்கியதும் ரூஃப் கேரியர், வின்ச், இரும்பு பம்பர் என்று ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். முன்னால் மாட்டுகிற புல் பாரை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. எஃப்.சி.க்குப் போகும்போது கழற்றி, வந்ததும் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். முன் ஆக்சிலின் மேல் அத்தனை கிலோவைத் தூக்கி வைத்துவிட்டு, சேற்றில் முன்பக்கம் அமுங்குகிறதே என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை.

இனி அந்தத் திருகு.

பல ஜிப்சிகளில் முன்சக்கரத்தின் மையத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டமான மூடி இருக்கும். அதன் நடுவில் விரலால் பிடித்துத் திருப்புகிற மாதிரி ஒரு குமிழ். ஒரு பக்கம் ஃப்ரீ, மறுபக்கம் லாக் என்று பொறித்திருக்கும். வண்டியை வருடக்கணக்காக ஓட்டியும் அதைத் தொடாதவர்கள் உண்டு. மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக், வண்டியைக் கொண்டுவந்தவரிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஏனுங்க, ஹப்பைத் திருகாம ஃபோர் வீல் லீவரை மட்டும் போட்டு என்னங்க பிரயோசனம்? முன்னாடி வீல் சும்மா உருண்டுட்டுத்தானுங்க இருக்கும்!"

அவர் சொன்னதில் மொத்த இயந்திரமும் அடங்கியிருக்கிறது. 2எச்-ல் ஓடும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் முன்பக்கத்துக்குச் சக்தி அனுப்புவதில்லை. ஆனால் முன்சக்கரம் ரோட்டில் உருளத்தானே செய்கிறது? அது உருண்டால் அதோடு கோத்த ஆக்சில் தண்டு சுற்றும், தண்டு சுற்றினால் கிரவுன் பினியன் சுற்றும், அதைத் தொடர்ந்து முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சுற்றும். யாருக்கும் பயனில்லாமல் இத்தனை இரும்பு சென்னையிலிருந்து மசினகுடி வரைக்கும் சுழன்றுகொண்டே வரும். பெட்ரோல் வீண், தேய்மானம், இரைச்சல். ஹப்பை ஃப்ரீயில் வைத்தால் சக்கரத்துக்கும் ஆக்சில் தண்டுக்கும் இருக்கிற தொடர்பு அறுந்துவிடும். சக்கரம் பேரிங்கின் மேல் தனியாக உருளும், உள்ளே இருக்கிறதெல்லாம் அசையாமல் நிற்கும்.

இரண்டாம் உலகப்போரின் ஜீப்களில் இது கிடையாது. சண்டைக்களத்தில் இறங்கி ஹப்பைத் திருகிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? சக்கரத்தையும் தண்டையும் நேரடியாகவே முடுக்கியிருந்தார்கள். போர் முடிந்து மிச்சமிருந்த ஜீப்களை அமெரிக்க விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் வாங்கித் தார்ச்சாலையில் ஓட்டத் தொடங்கியபோதுதான் இந்த வீண்சுழற்சி உறுத்தியது. 1948-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்தர் வார்ன் என்பவர் இந்தப் பூட்டும் ஹப்பைச் செய்து விற்க ஆரம்பித்தார். இன்றைக்கு வின்ச் விற்கிற வார்ன் கம்பெனியின் தொடக்கம் அதுதான். போருக்காகச் செய்த வண்டியை ஊருக்குள் ஓடும் வண்டியாக்கியது எஞ்சினில் செய்த மாற்றம் இல்லை, சக்கர நடுவில் வைத்த இந்த ஒரு குமிழ். இந்த வாரம் முழுக்க எனக்கு இதே நினைப்புதான்.

நடைமுறைக்கு வருவோம். தார்ச்சாலை முடிந்து மண்பாதை ஆரம்பிக்கிற இடத்தில் இறங்கி, இரண்டு பக்கமும் லாக்குக்குத் திருப்புங்கள். சேற்றில் சிக்கியபின் திருப்பிக்கொள்ளலாம் என்று விட்டால் முழங்கால் அளவுச் சகதியில் கையை விட்டுத் தேட வேண்டியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் பயனே இல்லை. டிஃபரன்ஷியல் எப்போதும் சுலபமான பக்கத்துக்கே சுழற்சியை அனுப்பும். ஃப்ரீயில் இருக்கிற பக்கத்துத் தண்டு உள்ளே வெறுமனே சுற்றும், லாக்கில் இருக்கிற சக்கரம் இழுக்காது. மண்ணிலிருந்து தாருக்குத் திரும்பியதும் லீவரை 2எச்-க்குத் தள்ளுங்கள். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் போகின்றன. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க முடியாது, கியர்களுக்கு நடுவே முறுக்கம் ஏறிக்கொண்டே போகும். ஸ்டியரிங் கனக்கும், லீவர் வெளியே வர மறுக்கும். அப்போது லீவரோடு மல்லுக்கட்டாமல் நேராகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுங்கள். முறுக்கம் கழன்றுவிடும்.

இதிலேயே ஒரு உபரி லாபம் உண்டு. ஹப்பை ஃப்ரீயில் வைத்துக்கொண்டே 4எல் போட்டால் தாழ்ந்த கியர் கிடைக்கும், ஆனால் இழுப்பது பின்சக்கரம் மட்டுமே. காய்ந்த கான்கிரீட் சரிவில் வண்டியை அங்குலம் அங்குலமாக ஏற்றி நிறுத்த இதைப்போல வசதி வேறில்லை. முறுக்கமும் ஏறாது. அளவாகச் செய்யுங்கள், மொத்த பாரமும் பின் ஆக்சிலுக்குத்தான் போகிறது.

ஜிம்னியில் இறங்கும் வேலை இல்லை. உள்ளேயிருந்து லீவரைப் போட்டால், எஞ்சினின் வேக்குவம் சிறு குழாய்கள் வழியாகப் போய் முன்பக்கத்தைப் பூட்டிவிடும். சௌகரியம்தான். ஆனால் அந்தக் குழாயில் வெடிப்பு விழுந்தால் காட்டில் வைத்துச் சரிசெய்வது கடினம். சர்வீஸுக்கு விடும்போது அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பராமரிப்பில் இந்த வாரம் முன் ஆக்சிலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஹப் திருகவில்லையென்றால் பிளையர் போட்டுத் திருகாதீர்கள். குமிழ் உடைந்துவிடும். மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, உள்ளே காய்ந்து களிமண்ணாகிக் கிடக்கிற கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிசாகப் புதுக் கிரீஸ் தடவினால் போதும். அள்ளி அப்பினால் உள்ளே இருக்கிற வளையம் நகராது. மாதத்துக்கு ஒரு தடவையாவது மண்பாதையில் லாக் போட்டு, 4எச்-ல் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். அப்போதுதான் முன் டிஃபரன்ஷியலின் ஆயில் மேலே தெறித்துக் கியரெல்லாம் நனையும்.

ஓடை தாண்டியபின் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நெடுந்தூரம் ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். அதைச் சமன்செய்ய ஆக்சிலின் தலையில் ப்ரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழல் வைத்திருக்கிறார்கள். அது சேறு அடைத்துக் கிடந்தால் ஆக்சில் வேறு வழியில் மூச்சு வாங்கும்: ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் டிஃபரன்ஷியலின் பக்கவாட்டு நட்டைத் தளர்த்தி ஒரு சொட்டு ஆயிலை விரலில் எடுத்துப் பாருங்கள். தேன் நிறத்தில் இருந்தால் கவலையில்லை. வெளுத்துப் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் போய்விட்டது, அன்றைக்கே மாற்றுங்கள். முன்சக்கரம் திரும்புகிற உருண்டை மூட்டைச் சுற்றியிருக்கிற ஃபெல்ட் வளையமும் நைந்துபோயிருக்கிறதா என்று பாருங்கள். காசு குறைவான சாமான் அது. அதை விட்டால் உள்ளே இருக்கிற ஜாயிண்ட் போகும், அது காசு கூடுதல்.

இவ்வளவு சொல்லிவிட்டு மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து துப்பாக்கிகள் காட்டைவிட்டு வெளியேறுவதற்கு வெகு காலம் முன்பே, கறுப்பு வெள்ளைப் படமாகக் காட்டை எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கோத்த ஒரு கேமராவுக்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயரும் வைத்திருந்தார். காட்டுக்குள் அவர் படம் எடுத்ததில் பெரும்பகுதி பழக்கிய யானையின் முதுகிலிருந்தும் கால்நடையாகவும்தான். யானைக்கு எஞ்சின் அதிர்வு கிடையாது, புகை கிடையாது. நம் வண்டி அவ்வளவு நல்ல பிராணி ஆகாது. ஆனால் படம் எடுக்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டால் பாதி தூரம் நெருங்கிவிடலாம். லென்ஸைக் கதவு விளிம்பில் மணல் மூட்டை போட்டு வைத்தாலும், ஓடுகிற எஞ்சினின் நடுக்கம் படத்தில் தெரியும். மானுக்கும் தெரியும்.

இன்னொன்று. நம் வண்டி நான்கு சக்கரத்தில் இழுக்கிறது என்பதற்காகப் புலிகள் காப்பகத்தில் யாரும் தடத்தைவிட்டு இறக்கிவிடக் கூடாது. முதுமலையில் சஃபாரி வனத்துறை வண்டியில்தான். உங்கள் வண்டி கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு, உள்ளே சுற்றுவதற்கு அல்ல. நான்கு சக்கரத்தின் தேவை கரிசல் கண்மாய்களிலும் கோடியக்கரைச் சேற்றுவெளியின் ஓரங்களிலும் தேரிக்காட்டிலும்தான் வரும். அங்கேயும் வண்டித்தடம் எதுவோ அதில் மட்டும் போங்கள். தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக்கு உங்கள் டயர் தெரியும், உங்களுக்கு அதன் முட்டை தெரியாது.

டயர் அடுத்த வாரம். தேரியின் செம்மணலில் எத்தனை பவுண்டு காற்றை இறக்க வேண்டும், இறக்கினால் டயரின் தடம் அகலத்தில் கூடுகிறதா நீளத்தில் கூடுகிறதா என்பதிலிருந்து ஆரம்பிப்போம். பழைய ஜிப்சி வைத்திருப்பவர்கள் அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, லீவரை 2எச்-ல் வையுங்கள். இரண்டு ஹப்பையும் லாக்கில் திருப்பி, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். வண்டிக்கு அடியில் தலையை விடாமல், பக்கவாட்டில் குனிந்து யாராவது பார்க்கட்டும். முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கூடவே சுற்ற வேண்டும். ஹப்புகளை ஃப்ரீக்கு மாற்றிச் சுற்றினால் அது அசையக் கூடாது. அடுத்த பக்கத்துக்கும் இதே சோதனைதான். இரண்டிலும் தேறாத வண்டியோடு மழைக்காலத்தில் மண்பாதைக்குக் கிளம்பாதீர்கள்.