தொண்ணூற்றைந்தாவது உடல்

துப்பறியும் கதைகளின் கதை – 11

1138 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி கோட்டை ஸ்டீஃபன் மன்னர் கையில் விழுந்தது. உள்ளே பிடிபட்டவர்களைத் தூக்கில் போடச் சொல்லிவிட்டார் மன்னர். அவர் கொடூரர் என்று பேர் வாங்கியவர் அல்ல. இளகிய மனசுக்காரர், அதனால்தான் பிரபுக்கள் ஆட்டம் போட்டார்கள் என்றுதான் அக்காலத்துத் துறவிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பேரைத் துடைக்க நினைத்தாரோ என்னவோ, தொண்ணூற்றுச் சொச்சம் பேர் கழுத்தில் கயிறு ஏறியது. கோட்டைத் தலைவர் வில்லியம் ஃபிட்ஸ்ஆலன் எப்படியோ தப்பிவிட்டார். அவருடைய தாய்மாமன் ஆர்னுல்ஃப் பெரும் பணம் தருவதாகச் சொல்லியும் உயிர் மிஞ்சவில்லை.

இதைப் பதிவு செய்தவர் ஆர்டரிக் விட்டாலிஸ் என்ற துறவி. ஷ்ரூஸ்பரிக்குப் பக்கத்தில் பிறந்தவர். பத்து வயதில் நார்மண்டியிலுள்ள மடத்துக்கு அனுப்பப்பட்டு அங்கேயே முடிந்துபோனவர். பிறந்த ஊரில் நடந்த படுகொலையைக் கடலுக்கு அப்பால் உட்கார்ந்து சில வரிகளில் எழுதினார். எண்ணூறு வருஷம் கழித்து, ஷ்ரூஸ்பரி இருக்கும் அதே ஷ்ராப்ஷயர் மாவட்டத்துப் பெண்மணி ஒருவர் அந்த வரிகளை எடுத்துக்கொண்டு அவற்றோடு ஒரே ஒரு பிணத்தைச் சேர்த்தார்.

அந்தப் பெண்மணி எடித் பார்ஜெட்டர். எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற பெயரில் எழுதியவர். அந்த வரிகளிலிருந்து பிறந்த நாவல் 1979-இல் வந்தது. கதையில் தூக்கிலிடப்பட்டவர்கள் 94 பேர். சடலங்கள் கோட்டைக்கு வெளியே பள்ளத்தில் வீசப்பட்டுக் கிடக்கின்றன. ஆற்றுக்கு அந்தப் பக்கமிருக்கும் பெனடிக்டின் மடத்தின் தலைவர், அவர்களை முறைப்படி அடக்கம் செய்ய மன்னரிடம் அனுமதி கேட்கிறார். உடல்களைக் கழுவி, நேராக்கி, வரிசையாகக் கிடத்தும் வேலை சகோதரர் காட்ஃபெல் தலையில் விழுகிறது. மடத்தின் மூலிகைத் தோட்டம் அவர் பொறுப்பு. அதற்கு முன்னால் மாலுமி, அதற்கும் முன்னால் சிலுவைப்போர் வீரர். ஐம்பது வயது தாண்டிய வெல்ஷ்காரர். வேலையை முடித்துவிட்டு எண்ணிப் பார்க்கிறார். 95 இருக்கிறது.

அதிகாரிகளுக்கு இதில் சங்கடம் ஒன்றுமில்லை. கணக்கெழுதியவன் தவறவிட்டிருப்பான், ஒன்று கூடினால் என்ன? காட்ஃபெல் அந்த உடலைக் காட்டுகிறார். இளைஞன். கழுத்தில் இருப்பது தூக்குக் கயிற்றின் தடம் இல்லை. பின்னாலிருந்து யாரோ மெல்லிய கயிற்றைப் போட்டு இறுக்கிய ஆழமான கோடு. கொன்றவன் சடலத்தைக் கொண்டுவந்து மன்னர் குவித்த பிணங்களுக்கு நடுவே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இதைவிட நல்ல மறைவிடம் எங்கே கிடைக்கும்! செஸ்டர்டன் 1911-இல் ஃபாதர் பிரவுன் கதை ஒன்றில் கிட்டத்தட்ட இதே யோசனையைக் கையாண்டிருக்கிறார் என்பது இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். அங்கே அது ஒரு புத்திசாலித்தனமான திருப்பம். இங்கே நாவலின் முதுகெலும்பே அதுதான்.

ஏனென்றால் மற்ற 94 பேரையும் கொன்றது யார் என்று ஊருக்கே தெரியும். கொலையாளி கூடாரத்தில் கிரீடத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேட்க ஆளில்லை. அவரிடமே போய், ‘இந்த ஒரு சாவு மட்டும் உங்கள் கணக்கில் இல்லை, நான் விசாரிக்க வேண்டும்’ என்று ஒரு மூலிகைத் துறவி நிற்கிறார். மன்னரும் சரி என்கிறார்! செய்யாத கொலை ஒன்று தன் பேரில் ஏறுவதில் அவருக்கும் விருப்பமில்லை. இந்தக் கட்டத்தில் பார்ஜெட்டர் யாரையும் பிரசங்கம் செய்யவிடவில்லை. காட்ஃபெல் வரிசையில் கிடப்பவர்களின் முகத்தைத் துடைத்துக்கொண்டே போகிறார். உறவுக்காரர்கள் வந்து அடையாளம் காட்டித் தங்கள் ஆளை எடுத்துப்போகிறார்கள். கடைசியில் யாரும் உரிமை கோராத ஒருவன் மிஞ்சுகிறான்.

பார்ஜெட்டர் 1913-இல் பிறந்தார். பள்ளி முடித்ததும் டாலி என்ற சிற்றூரில் ஒரு மருந்துக் கடையில் உதவியாளராகச் சில வருஷம் வேலை பார்த்தார். போர்க்காலத்தில் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து பதக்கம் வாங்கினார். செக் மொழி கற்றுக்கொண்டு மொழிபெயர்த்தார். காட்ஃபெல் பிறந்தபோது அவருக்கு 60 தாண்டிவிட்டது. முதல் நாவல் 1977, இருபதாவதும் கடைசியுமானது 1994. அடுத்த வருஷம் காலமானார்.

அந்த மருந்துக் கடை அனுபவம் வீண்போகவில்லை. 1980-இல் வந்த மூன்றாவது நாவலில் விஷம் வெளியிலிருந்து வருவதில்லை. மடத்து நோயாளிகளின் மூட்டுவலிக்காகக் காட்ஃபெல் தன் கையால் காய்ச்சிய எண்ணெய்தான் விஷம். அதில் சேர்ந்திருக்கும் வேர் நம்மூர் வசநாபியின் குடும்பம். மேலே தேய்த்தால் வலி குறையும், உள்ளே போனால் ஆள் காலி. யாரோ அதில் கொஞ்சம் எடுத்து ஒரு பணக்காரரின் சாப்பாட்டில் கலந்துவிடுகிறார்கள். செத்தவர் வீட்டுக்கு ஓடிப்போய்க் காட்ஃபெல் உதட்டை முகர்ந்து பார்த்ததும் தன் எண்ணெயின் வாடையைத் தானே அடையாளம் கண்டுகொள்கிறார். எந்த ஆய்வுக்கூடமும் தேவைப்படவில்லை. அந்தக் காட்சியை எழுத மருந்துப் புட்டிகளோடு பழகிய மூக்கு வேண்டும்.

சென்ற வாரம் ஜோசஃபின் டேயைப் பார்த்தோம். அவருடைய இன்ஸ்பெக்டர் இருபதாம் நூற்றாண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மூன்றாம் ரிச்சர்டின் வழக்கை விசாரித்தார். காட்ஃபெலுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவர் வாழும் இங்கிலாந்தில் தடயம் என்ற சரக்குக்குச் சந்தையே இல்லை. குற்றம் சாட்டப்பட்டவன் பன்னிரண்டு பேரைக் கூட்டிவந்து தன் நேர்மைக்குச் சத்தியம் செய்யச் சொல்லலாம். பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தூக்கலாம், கை சீழ் வைக்காமல் ஆறினால் நிரபராதி. நீரில் இறக்குவார்கள், மிதந்தால் குற்றவாளி. பிரபுவாக இருந்தால் வாளெடுத்துச் சண்டை போடலாம். 1215-இல் லேட்டரன் சங்கம் பாதிரியார்கள் இந்தச் சோதனைகளில் கலந்துகொள்ளக் கூடாது என்று தடுத்த பிறகுதான் ஜூரிக்கு வழி பிறந்தது. ஷ்ரூஸ்பரி நாவலில் காட்ஃபெல் ஒரு கத்திப் பிடியிலிருந்து உடைந்த மஞ்சள் கல் துண்டை வைத்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார். ஆனால் தீர்ப்பு வாள்முனையில்தான் வருகிறது. நவீன வாசகருக்குத் துப்பு, மன்னர் சபைக்குத் துவந்த யுத்தம் என்று இரண்டு பேருக்கும் இலை போட்டுப் பரிமாறியிருக்கிறார் ஆசிரியர். கொலையாளி பேரை நான் சொல்லப்போவதில்லை.

காட்ஃபெல் வெற்றி பெற்ற பிறகு மத்தியகால இங்கிலாந்தில் பிணங்கள் குவிய ஆரம்பித்தன. பால் டொஹர்ட்டியின் ஹ்யூ கார்பெட் 1986-இல் வந்தார். கேண்டஸ் ராப் யார்க் நகரத்தில் ஓவன் ஆர்ச்சர் என்ற ஒற்றைக்கண் வில்லாளியை இறக்கினார். மைக்கேல் ஜெக்ஸ் டெவனில் ஒரு பழைய டெம்ப்ளர் வீரரை வைத்தார். சுசானா கிரெகரி 1348-இன் கொள்ளைநோயோடு கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவரை வைத்தார். தொலைக்காட்சியில் டெரிக் ஜகோபி காட்ஃபெலாக வந்து பிரபலமானார், ஷ்ரூஸ்பரியைத்தான் ஹங்கேரியில் செட் போட்டு எடுத்தார்கள்.

இந்தத் துப்பறிவாளர்களை வரிசையாக நிறுத்தினால் ஒன்று தெரியும். பாதிப் பேர் போருக்குப் போய்த் திரும்பியவர்கள். வெட்டுக்காயத்துக்கும் குத்துக்காயத்துக்கும் வித்தியாசம் தெரிந்த ஆளை உள்ளூரிலிருந்து எடுக்க முடியாது. அதனால் அந்தியோக்கியாவும் ஜெருசலேமும் இவர்களுக்கு மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டன. ஏரியானா ஃபிராங்க்ளின் மட்டும் நிஜமான மருத்துவக் கல்லூரிக்கே போனார். அவருடைய அடிலியா, இத்தாலியின் சலெர்னோவில் படித்துவிட்டு 1171-இல் கேம்பிரிட்ஜ் வந்து சேரும் பெண் மருத்துவர். சலெர்னோவில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெண்கள் வைத்தியம் பார்த்தது உண்மை. இருந்தாலும் அடிலியா வாயைத் திறந்தால் நம் காலத்துப் பேராசிரியை போலவே பேசுகிறார். விறுவிறுப்பாகப் போகும் நாவல்தான், ஆனால் எனக்கு அந்த நூற்றாண்டின் மண் காலில் ஒட்டவில்லை.

ஒட்டவைத்தவர் பெர்னார்ட் நைட். வேல்ஸில் பல்லாண்டுகள் அரசுக்காகப் பிரேதப் பரிசோதனை செய்த தடயவியல் மருத்துவர், பேராசிரியர். ஓய்வுபெறும் வயதில் அவர் தேர்ந்தெடுத்த கதாநாயகன் கரோனர், திடீர்ச் சாவுகளை விசாரிக்கும் அதிகாரி. அந்தப் பதவி 1194 செப்டம்பரில் உருவானது. உருவாக்கியவர் ஹ்யூபர்ட் வால்ட்டர், கேன்டர்பரி ஆர்ச்பிஷப், நாட்டின் நிர்வாகமும் அவர் கையில்தான். முதலாம் ரிச்சர்ட் சிலுவைப்போரிலிருந்து திரும்பும் வழியில் வியன்னா அருகே மாட்டிக்கொண்டார். அவரை விடுவிக்கப் பேசிய தொகை 1,50,000 மார்க் வெள்ளி. கஜானா காலி. மாவட்ட ஷெரீஃப்கள் வசூலை வழியிலேயே விழுங்குகிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் மூன்று நைட்டுகளும் ஒரு எழுத்தரும் மன்னர் சம்பந்தப்பட்ட வழக்குகளைப் பதிவுசெய்து வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கரோனருக்கு ஆரம்பம் அதுதான்.

திடீர்ச் சாவு நடந்தால் கரோனர் வந்து பார்க்காமல் புதைக்கக் கூடாது, புதைத்தால் ஊருக்கு அபராதம். பிணத்தை முதலில் பார்த்தவன் கூச்சல் போட்டு ஊரைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்கு அபராதம். கொலைகாரனின் ஆடு மாடு, பண்ட பாத்திரம் மன்னருக்கு. ஒருவன் வண்டிச் சக்கரத்தில் மாட்டிச் செத்தால் வண்டிக்கு விலை போட்டு அந்தப் பணமும் மன்னருக்கு. இந்தக் கடைசிச் சட்டம் 1846 வரை உயிரோடு இருந்தது, ரயில் வந்த பிறகுதான் எடுத்தார்கள். எல்லாவற்றையும்விட வினோதம், செத்தவன் ஆங்கிலேயன் என்று ஊர் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் அவன் நார்மன் என்று வைத்துக்கொண்டு பெரிய தண்டம். நார்மன் படையெடுப்பு முடிந்து நூற்றைம்பது வருஷம் ஆகி, யார் நார்மன் யார் ஆங்கிலேயன் என்றே சொல்ல முடியாத காலத்திலும் அந்த வசூல் நடந்தது. 1340-இல்தான் ரத்தானது.

நைட்டின் சர் ஜான் டி வுல்ஃப் எக்ஸிட்டர் கோட்டை வாசல் மாடியில் குளிர்ந்த அறை ஒன்றில் உட்கார்ந்து இந்த வேலையைப் பார்க்கிறார். 1998-இல் முதல் நாவல். ஷெரீஃப் அவருடைய மைத்துனர், ஊழல்காரர், வீட்டிலும் நிம்மதி கிடையாது. கரோனர் ஊருக்குள் நுழைந்ததும் ஜனங்கள் முகம் வெளிறுவது நீதிக்கு அஞ்சி அல்ல, பர்ஸுக்கு அஞ்சி. நைட்டிடம் எனக்குப் பிடித்த விஷயம் அவருடைய கட்டுப்பாடு. ஆயிரக்கணக்கான சடலங்களை அறுத்துப் பார்த்தவர், தன் கரோனருக்கு அந்த அறிவில் ஒரு துளியும் கடன் கொடுப்பதில்லை. வுல்ஃப் உடலைப் புரட்டுகிறார், விறைப்பைத் தொட்டுப் பார்க்கிறார், காயத்தில் விரல் விட்டு ஆழம் பார்க்கிறார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

நிஜமான கரோனர்களின் தோல் சுருள்கள் இன்றும் இருக்கின்றன. லண்டனுடையவை அச்சாகியிருக்கின்றன. துப்பறியும் நாவல் பிரியர்களுக்கு அவை பெரிய ஏமாற்றம். யார் குத்தினான், எந்த ஆயுதம், காயம் எத்தனை அங்குலம், எந்தத் தெரு என்று பெரும்பாலும் முதல் பத்தியிலேயே வந்துவிடும். சாராயக் கடைச் சண்டை, தெருச் சண்டை, பார்த்த அக்கம்பக்கத்தார். மர்மம் என்பது நாம் பிற்காலத்தில் கொண்டுபோய் அங்கே நட்டது. அந்தக் காலத்து ஆசாமிகளின் கவலை ‘யார்’ என்பதல்ல. ஆள் எங்கே, அவன் சொத்து எவ்வளவு? கொன்றவன் பக்கத்துக் கோயிலுக்குள் புகுந்துவிட்டால் நாற்பது நாள் தொட முடியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு நாட்டை விட்டுப் போகிறேன் என்று கரோனர் முன் சத்தியம் செய்தால் துறைமுகத்துக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அந்தச் சுருள்களிலிருந்து ஒரு வழக்கு. 1337 மே மாதம், லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகே சீப்சைட் தெரு. மாலை நேரம், ஜன நடமாட்டம். ஜான் ஃபோர்ட் என்ற பாதிரியாரை ஒருவர் தொண்டையில் வெட்டுகிறார், இரண்டு பேர் வயிற்றில் குத்துகிறார்கள். விசாரணையில் ஜூரிகள் பேர் பேராகச் சொல்லிவிட்டார்கள். வெட்டியவர் எலா ஃபிட்ஸ்பெய்ன் என்ற பிரபு மனைவியின் சகோதரர், குத்தியவர்கள் அவளிடம் முன்பு வேலை பார்த்தவர்கள். ஏவியது எலாதான், பழைய பகை என்றும் சொன்னார்கள்.

பகை நிஜமாகவே பழையது. 1322-இல் எலாவும் அவள் கணவரும் இதே ஃபோர்டும் ஒரே கும்பலாக ஒரு மடத்தைக் கொள்ளையடித்த வழக்கில் இருந்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1332-இல், ஆர்ச்பிஷப் சைமன் மெஃபம் ஒரு கடிதம் எழுதினார். எலா பல ஆண்களோடு தகாத உறவு வைத்திருக்கிறாள் என்று அடுக்கிய அந்தக் கடிதத்தில் ஃபோர்டின் பேரும் இருந்தது. தண்டனையாக அவள் வருஷத்துக்கு ஒரு முறை, ஏழு வருஷம், சாலிஸ்பரி தேவாலயத்தின் நீளம் முழுக்க வெறுங்காலில் நடந்து, நான்கு பவுண்ட் மெழுகுவர்த்தியைப் பீடத்துக்குச் சுமக்க வேண்டும். அவள் மதித்ததாகத் தெரியவில்லை. ஆர்ச்பிஷப்புக்குத் தகவல் கொடுத்தது ஃபோர்டாக இருக்கலாம் என்பது இந்தச் சுருள்களை ஆராயும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மானுவல் ஐஸ்னரின் ஊகம்.

இதில் காட்ஃபெல் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை. கொலையாளி, ஏவியவள், காரணம் எல்லாம் எழுத்தில் இருக்கிறது. அத்தனை பேரைச் சொன்ன ஜூரிகள், ஆட்கள் இப்போது எங்கே என்று கேட்டதும் தெரியாது என்று கைவிரித்தார்கள். ஐந்து வருஷம் கழித்து ஒரே ஒரு பழைய வேலைக்காரன் பிடிபட்டு நியூகேட் சிறைக்குப் போனான். எலாவை யாரும் தொடவில்லை. அவள் கணவரோடுதான் வாழ்ந்தாள். 1354-இல் அவர் இறந்தபோது சொத்து அவளுக்குப் போனது.

(அடுத்த வாரம்: 1327, இத்தாலி மலைமேல் ஒரு நூலகம், உம்பெர்த்தோ எக்கோ)