சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்ல என்ன படித்திருக்க வேண்டும்?

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்போர் இல்லாத ஊரே இல்லை. என்ன சாப்பிடலாம் என்று அவர்களுக்குக் கைத்தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுக்க நியூட்ரிஷனிஸ்ட், டயட் கோச் என்று இப்போது பலர் வந்துவிட்டார்கள். பெயருக்குப் பின்னால் எல்லோருக்கும் ஏதோவொரு சான்றிதழ் உண்டு. அந்தச் சான்றிதழ்கள் ஒரே தரத்தவை அல்ல.

வயம்பப் பல்கலைக்கழகத்தின் மாகந்துர வளாகத்தில் உணவு விஞ்ஞானமும் போசணையும் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. நம் ஊர்க் கிளினிக்கில் குழந்தையை நிறுத்துப் பார்த்து, 1973 முதல் வழங்கப்பட்டுவரும் திரிபோஷா சத்துமாவைக் கையில் தரும் மிட்வைஃப் மிஸ் ஒன்றரை ஆண்டு பயிற்சி பெற்றவர். தாய்க்கும் சேய்க்கும் அவர் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். இணையத்தில் சில வாரங்களில் கிடைக்கும் சான்றிதழை இவற்றோடு ஒரே வரிசையில் வைக்க முடியாது.

நோயாளிக்கு உணவு வகுக்கப் பட்டம் மட்டும் போதாது, வைத்தியசாலைப் பயிற்சியும் வேண்டும். இந்தியாவில் பதிவுபெற்ற டயட்டீஷியன் ஆவதற்கு மேற்படிப்புடன் ஆறு மாத வைத்தியசாலைப் பயிற்சியும் தேர்வும் உண்டு. அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல் முதுகலைப் பட்டம் இல்லாமல் தேர்வே எழுத முடியாது. பிரித்தானியாவில் பதிவு செய்யாதவர் டயட்டீஷியன் என்று சொல்லிக்கொண்டால் குற்றம். ஆனால் நியூட்ரிஷனிஸ்ட் என்று அங்கும் யாரும் போட்டுக்கொள்ளலாம்.

எனக்குப் பெரிய பயம் சிறுநீரக நோயாளிகளைப் பற்றித்தான். சீனி நீண்டகாலம் கட்டுக்கடங்காமல் இருந்தால் சிறுநீரகம் பழுதாகலாம். பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரிவர வெளியேற்ற முடியாது. அது இரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பே குழம்பிப்போகும். அப்படிப்பட்டவரிடம் "இயற்கையானதுதானே, தினமும் இளநீர் குடியுங்கள், வாழைப்பழம் சாப்பிடுங்கள்" என்று சொல்வது உயிரோடு விளையாடுவது. உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் புரத மாவும் அவருக்கு ஆகாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று கீரையைக் கூட்டினால் மருந்தின் வேகம் குறையும். பயிற்சி பெற்றவர் முதலில் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கேட்பார். பிறகு அவரவர் வீட்டுப் புட்டையும் மீன் குழம்பையும் வைத்தே அளவு சொல்வார். கீரையை அவித்துத் தண்ணீரை வடித்தால் பொட்டாசியம் குறையும் என்பதையும் சொல்லித்தருவார்.

நம் பாட்டிமார் பட்டம் படித்தா சமைத்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. சுகதேகிக்கு அது சரி, நோயாளிக்கு அது போதாது.

ஆலோசகரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள்? எந்த வைத்தியசாலையில் பயிற்சி பெற்றீர்கள்? நீங்கள் சொல்லும் மாவை விற்பதும் நீங்கள்தானா? நம் நாட்டில் பதிவுபெற்ற உணவு ஆலோசகர்களின் பட்டியல் தமிழிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை போன்ற ஆதார வைத்தியசாலைகளில் உணவு ஆலோசனைக்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் தமிழில் பேச இருக்க வேண்டும். அப்படியொருவர் கிடைக்கும்வரை கிளினிக் வைத்தியரைக் கேட்காமல் குளிசையை நிறுத்தாதீர்கள், சாப்பாட்டையும் மாற்றாதீர்கள்.